வாக்கில்லாதவர்களின் கூட்டம்

நயோமி வெக்ஸ்லரைச் சுபாங்கி முதன்முதலில் பார்த்தபோது அவள் ஒரு கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். 1994 செப்டெம்பர். பல்கலைக்கழகத்தில் யூத மாணவர் சங்க அறைக் கதவில் யாரோ கறுப்பு வர்ணத்தில் நாஜிச் சின்னம் வரைந்துவிட்டுப் போயிருந்தார்கள். சுத்தம் செய்ய ஆள் வர நேரமாகும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டதால், சங்கச் செயலாளரான நயோமி தானே வாளியும் பிரஷுமாக இறங்கியிருந்தாள். விரிவுரைக்குப் போகும் வழியில் சுபாங்கி நின்றாள்.

"எங்கள் கட்டட லிஃப்டிலும் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். தமிழர்கள் திரும்பிப் போக வேண்டுமாம்."

நயோமி பிரஷைக் கீழே வைத்தாள். "எந்தக் கட்டடம்?"

அடுத்த சனிக்கிழமை மாலை அவள் ஸ்காபரோவில் சுபாங்கி குடியிருந்த டோர்செட் பார்க்குக்கு வந்துவிட்டாள்.

சுபாங்கியின் வீட்டில் மூன்று பேர். அவள், தாய் பாலேஸ்வரி, தாயின் தம்பி வினோதன். மாமா ஹோலில்தான் படுப்பார். கென்னடி வீதியில் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவும் வேலை அவருக்கு. அந்தக் கோடையில் குப்பை போடப் பின்பக்கம் போனவரை, தலையை மொட்டையாக மழித்த இளைஞர்கள் சிலர் அடித்துக் கையை முறித்துவிட்டார்கள். பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. அதன் பிறகு ஒன்றுமில்லை. கட்டு அவிழ்த்ததும் முதலாளி மட்டும், மரக்கறி வெட்டவாவது வா என்று திரும்பக் கூப்பிட்டார்.

நயோமி இதையெல்லாம் சுபாங்கியின் மொழிபெயர்ப்பில் கேட்டாள். பிறகு தன் யோசனையைச் சொன்னாள். நவம்பரில் நகரசபைத் தேர்தல். வேட்பாளர்களை இந்தப் பகுதிக்கே அழைத்து, இனவெறித் தாக்குதல்களுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டும். யூத மாணவர் சங்கமும் தமிழ் மாணவர் சங்கமும் சேர்ந்து நடத்தலாம். வினோதன் தன் வாயாலேயே நடந்ததைச் சொல்ல வேண்டும்.

"நான் கதைக்கிறன்," என்றார் வினோதன். "சுபா இங்கிலீசிலை சொல்லட்டும்."

ஒக்டோபர் முழுக்க இரண்டு பெண்களும் கதவு கதவாகத் தட்டினார்கள். நயோமி வாசலில் சப்பாத்தைக் கழற்றவும், வேண்டாம் என்றாலும் வந்துவிடும் தேநீரை முழுதாகக் குடிக்கவும், 'அன்ரி' என்று கூப்பிடவும் பழகினாள். அவளுடைய வீட்டுக்கு அநாமதேயத் தொலைபேசி மிரட்டல்கள் வந்தன. தகப்பனுக்கு ஸ்பாடைனா வீதியில் துணிக்கடை. "உன் தாத்தா இங்கே வந்து இறங்கியபோது நமக்காக எவனும் கூட்டம் போடவில்லை," என்று அவர் சொன்னாராம். "அதனால்தான் நான் போடுகிறேன் என்றேன்," என்றாள் நயோமி. அவர் வீட்டுத் தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டாராம்.

கூட்டத்தன்று பாடசாலை மண்டபம் நிறைந்துவிட்டது. வேட்பாளர்களில் வந்தவர் ஒருவர்தான், கோர்டன் பென்வில். ஏற்கெனவே கவுன்சிலராக இருந்தவர். குடியிருப்போர் சங்கத் தலைவர் பொன்னம்பலம் அவருக்குப் பொன்னாடை போர்த்தி நீண்ட வரவேற்புரை ஆற்றினார். அடுத்ததாக வினோதன். புதிதாக வாங்கிய சட்டையோடு எழுந்து மைக்குக்கு வந்தார்; மொழிபெயர்க்கச் சுபாங்கி பக்கத்தில் நின்றாள். அவர் வாயைத் திறக்கும் முன் பென்வில் எழுந்தார்.

"எனக்கு இன்னொரு கூட்டம் இருக்கிறது. அதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளலாமா? இங்கே எத்தனை பேருக்கு இந்தத் தொகுதியில் வாக்கு இருக்கிறது? கையைத் தூக்குங்கள்."

பொன்னம்பலம் அதைத் தமிழில் சொன்னார். அங்கே இருந்தவர்களில் அநேகம் பேருக்கு இன்னும் குடியுரிமை கிடைத்திருக்கவில்லை. சிலருக்கு அகதி வழக்கே முடியவில்லை. முன்வரிசையில் நாலைந்து கைகள் எழுந்தன. பின்வரிசையில் யூத மாணவர்கள் கையைத் தூக்கினார்கள். பிறகு தாங்கள் வேறு நகரசபையான நோர்த் யோர்க்கில் குடியிருப்பது நினைவுக்கு வர, ஒவ்வொருவராக இறக்கினார்கள்.

"நல்லது," என்று பென்வில் சிரித்தபடி கோட்டை எடுத்தார்.

நயோமி ஓடிவந்து மைக்கைப் பிடித்தாள். "நில்லுங்கள். இந்த மனிதருக்கு என்ன நடந்தது என்று கேட்டுவிட்டுப் போங்கள்." வினோதனின் பெயர், ரெஸ்ரோரண்டின் பெயர், கை முறிந்தது, பொலிஸ் திரும்பி வராதது, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். வினோதன் அவளுக்குப் பக்கத்தில் நின்றார். தன் பெயரையும் ரெஸ்ரோரண்டின் பெயரையும் தவிர அவருக்கு எதுவும் விளங்கவில்லை. பென்வில் கதவடியில் நின்று கேட்டார். வந்திருந்த நிருபரிடம், "கவலைக்குரிய விஷயம்," என்றார். போய்விட்டார்.

"வந்த மனிசனை இப்பிடி மறிச்சுக் கதைக்கப்படாது, பிள்ளை," என்று பொன்னம்பலம் சுபாங்கியிடம் குறைப்பட்டார்.

பத்திரிகையில் நயோமியின் படம் வந்தது. ரெஸ்ரோரண்டின் பெயரும் வந்தது. பின்பக்கம் பாதுகாப்பில்லாத இடமாம் என்று வாடிக்கையாளர்கள் விசாரிக்கத் தொடங்க, முதலாளி வினோதனைக் கூப்பிட்டு, இனி வேலைக்கு வரவேண்டாம் என்றார்.

செய்தி அறிந்த நயோமி நண்பர்கள் சிலரோடு பதாகை பிடித்து ரெஸ்ரோரண்ட் வாசலில் நின்றாள். வினோதன் சுபாங்கியைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார்.

"அந்தப் பிள்ளையைப் போகச் சொல்லு. உள்ளுக்கை எங்கடை பொடியள் இன்னும் ரெண்டு பேர் நிக்கிறாங்கள். அவங்களுக்கும் வேலை இல்லாமல் போயிடும்."

சுபாங்கி சொன்னாள். நயோமி மறுத்துத் தலையை ஆட்டினாள். "அவருக்கு நடந்தது அநியாயம். இதை விட்டால் நாளைக்கு இன்னொருவருக்கு நடக்கும்."

"அநியாயம் எண்டு எனக்குத் தெரியாதோ? அடி வாங்கினது நான் எல்லோ," என்றார் வினோதன். அவர் குரலை உயர்த்தவில்லை. "வேலை செய்யிற இடத்தைச் சொல்ல முதல் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டவவோ எண்டு கேள்."

சுபாங்கி அதையும் அப்படியே சொன்னாள். நயோமியின் முகம் சிவந்தது.

"அவர் பேசச் சம்மதித்திருந்தாரே."

"அவர் பேசச் சம்மதித்தார். நீ பேச அல்ல," என்றாள் சுபாங்கி. இது மொழிபெயர்ப்பல்ல.

"நீயும் பக்கத்தில்தானே நின்றாய்? ஏன் என்னை நிறுத்தவில்லை?"

நயோமி பதாகையை மடித்தாள்.

தேர்தலில் பென்வில் வென்றார். டிசெம்பரில் யூத மாணவர் சங்கம் கூடி, பரீட்சைக் காலம், ஸ்காபரோ வேலையை இப்போதைக்கு நிறுத்தலாம் என்று முடிவெடுத்தது. எதிர்த்தவள் நயோமி ஒருத்திதான். மறுநாளே செயலாளர் பதவியை விட்டுவிட்டாள். வினோதனுக்குப் பிக்கரிங்கில் ஒரு பண்டகசாலையில் வேலை கிடைத்தது. முறிந்த கை பெட்டி தூக்க ஒத்துழைக்காததால் அதுவும் நிலைக்கவில்லை. அவர் ஹோலில் டிவிக்கு முன்னால் இருக்கத் தொடங்கினார்.

விரிவுரை மண்டபத்தில் சுபாங்கியும் நயோமியும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். ஆனால் நயோமி சும்மா இருக்கவில்லை. இலவச சட்ட உதவி நிலையம் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, வினோதனின் வேலைநீக்கத்தை எடுத்து நடத்த ஒரு வழக்கறிஞரைச் சம்மதிக்க வைத்தாள். ஜனவரி முடிவதற்குள் வினோதன் நேரில் போய் முறைப்பாடு கொடுக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் ஜனவரிப் பனியில் இரண்டு பஸ் மாறி வந்து கதவைத் தட்டினாள்.

பாலேஸ்வரி சங்கிலியை எடுக்காமல் கதவைத் திறந்தாள். "சுபாங்கி நொட் ஹோம்," என்றாள்.

சுபாங்கி குசினியில் உருளைக்கிழங்கும் கத்தியுமாக நின்றாள். அவளுடைய பனிச்சப்பாத்து கதவுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. கதவிடுக்கால் நயோமி அதைப் பார்த்திருப்பாள் என்பது சுபாங்கிக்குத் தெரியும்.

"சரி அன்ரி," என்று தமிழில் நயோமியின் குரல் கேட்டது. காலடிகள் லிஃப்ட் பக்கம் போயின.

வினோதன் டிவிச் சத்தத்தைக் குறைத்தார். "என்னவாம்?"

"தெரியேல்லை," என்றாள் பாலேஸ்வரி. "நான் கேக்கேல்லை. நல்ல பிள்ளைதான். ஆனா இனி எங்களுக்கு ஒண்டும் வேண்டாம்."

பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. ஓடினால் நயோமியைப் பிடித்துவிடலாம். சுபாங்கி அடுத்த உருளைக்கிழங்கை எடுத்துத் தோல் சீவத் தொடங்கினாள்.