நாக்கு நுனியில் ஒரு துளி

மார்ச் பதினான்காம் தேதி மாலை நான்கு மணிக்கு, ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பாரில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. கவுன்டருக்கு உள்ளே ஒருத்தி நின்றிருந்தாள். வெளியே, உயரமான நாற்காலியில், கடையின் முதலாளியான அவளுடைய அண்ணி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒன்பது வருடம் அங்கே மது கலந்தவள் அவள். வாய் வைக்க மாட்டாள். முகர்ந்தே சொல்லிவிடுவாள், பாகு கூடிவிட்டது, பழம் பழசு என்று. போன கோடையில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு மூக்கில் எந்த வாசனையும் ஏறவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. முந்தைய நாள் பிழிந்த சாற்றில் கலந்த நான்கு கோப்பைகள் ஒரே மாலையில் திரும்பி வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அன்றிலிருந்து அவளுக்குக் கல்லாதான். திங்கட்கிழமை வேறொருவர் வேலைக்கு வருகிறார். அதற்கு முன் ஒரே ஒரு வாய்ப்பு என்று அவளே கேட்டிருந்தாள்.

"ஜின், எலுமிச்சை, சர்க்கரைப்பாகு. நான் ஒரு வாய் மிச்சம் வெச்சாலும் நீ கல்லாவுக்குப் போயிடணும்," என்றார் அண்ணி.

"உன் நாக்குக்கு என்னைத் தவிர வேற எதுதான் பிடிச்சிருக்கு?" என்று மனைவியிடம் கேட்டான் கோப்பை துடைத்துக்கொண்டிருந்த அண்ணன்.

"உங்களைப் பிடிச்சிருக்குன்னு யாரு சொன்னா?"

அண்ணி சாற்றுப் புட்டியை நகர்த்தினார். அவள் ஸ்ட்ராவை அதில் விட்டு, மேல்முனையை விரலால் அடைத்து, ஒரு துளியை நாக்கில் விட்டாள். மூக்கு கைவிட்ட பிறகு வீட்டில் தினமும் எலுமிச்சை பிழிந்து நாக்கில் விட்டுப் பழகியிருந்தாள். புதுச்சாறு நாக்கின் ஓரங்களைக் கடித்துவிட்டுப் போய்விடும். இது போகவில்லை.

"இது நேத்து பிழிஞ்சது அண்ணி."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அடிநாக்குல கசக்குது."

புட்டியைத் தொட்டியில் கவிழ்த்தாள். வேண்டுமென்றே அதை வைத்திருந்த அண்ணி பழக்கூடையை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் இரண்டு பழங்களை நறுக்கிப் பிழிந்தாள். ஜின்னும் பாகும் ஊற்றி, பனிக்கட்டி போட்டு, எஃகுக் குவளை விரல்களில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் குளிரும்வரை குலுக்கினாள். மீண்டும் ஒரு துளி. கொஞ்சம் சாறு சேர்த்து, இன்னொரு தடவை குலுக்கி, வடித்துக் கொடுத்தாள்.

அண்ணி ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். உடனே மறுபடி எடுத்தார். கடைசிச் சொட்டுக்காக அண்ணாந்து கோப்பையைக் கவிழ்த்தார்.

"திங்கட்கிழமை வர்றவர்கிட்ட என்ன சொல்றது?" என்றான் அண்ணன்.

"வர வேண்டாம்னு சொல்லுங்க."

"அப்ப கல்லாவுல?"

"நீங்க உக்காருங்க. பல்லைக் காட்டிட்டு சும்மாதானே நிக்கிறீங்க."

ஆறு மணிக்குக் கடை நிறைந்தது. முழங்கைவரை எலுமிச்சைச் சாறு வழிய அவள் கவுன்டரில் நின்றாள். அண்ணன் சில்லறை தேடிக்கொண்டிருந்தான்.