மார்லிஸ் வாங்கிய வேட்டைச் சாமான்கள்

பள்ளிப் பேருந்து ஓட்டும் மார்லிஸ் ஹைக்கனென் நாற்பத்தாறு வயதில் முதன்முதலாக மான் வேட்டைக்குப் போவதென்று தீர்மானித்தாள். அதோடு அவளுடைய நிம்மதி போயிற்று. மிச்சிகன் மாநிலத்தின் அந்த வடகோடியில் வேட்டையைப் பற்றி யோசனை சொல்லாத ஆளே கிடையாது.

“துப்பாக்கி நான் தர்றேன். பழைய கம்பளிச் சட்டையை மாட்டிக்கிட்டு வா. வேற ஒரு மண்ணும் வேணாம்,” என்றான் அவளுடைய பெரியப்பா மகன் வெர்னன்.

“அவன் பேச்சைக் கேட்டா விறைச்சுப் போயிடுவ. பைனாகுலர் இல்லாம காட்டுக்குள்ள போய் என்னத்தைப் பாக்கப் போற?” என்றான் அவளோடு பேருந்து ஓட்டும் டுவைட்.

இருவருமே வருஷம் தவறாமல் மான் அடிப்பவர்கள். யாரை நம்புவது? கடைக்குப் போனாள். பூட்ஸ், இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை, கோட்டு, பைனாகுலர், முதுகுப் பை, மனித வாடையைப் போக்கும் ஸ்ப்ரே என்று ஆயிரத்து இருநூறு டாலர் போயிற்று. வாங்கியது அதிகமா, இன்னும் ஏதாவது விட்டுப்போயிற்றா என்று அவளுக்கு விளங்கவில்லை.

வேட்டை தொடங்கிய காலையில் அவளைப் பார்த்ததும் வெர்னன் வாய்விட்டுச் சிரித்தான். “என்ன, நிலாவுக்கா கிளம்பிட்ட?” அவன் காலில் ஒட்டுப் போட்ட ரப்பர் பூட்ஸ்.

அவளை ஒரு பைன் மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு அவன் ஓடைக்கு அந்தப் பக்கம் போனான். பனியும் மழையும் கலந்து பெய்தது. மார்லிஸுக்கோ கனத்த கோட்டுக்குள் வியர்த்தது. மூச்சுப் பட்டு பைனாகுலர் மங்கிக்கொண்டே இருந்தது. கையைத் தூக்கினால் கோட்டு சரசரத்தது.

திடீரென்று ஓடைப்பக்கப் புதர் முறிய, கொம்புள்ள மான் ஒன்று பாய்ந்து வந்தது. அவளைக் கடந்து மேட்டோரம் போய் நின்று திரும்பிப் பார்த்தது. எப்போது துப்பாக்கியைத் தூக்கினாள், எப்போது சுட்டாள், அவளுக்கே தெரியாது. மான் சற்று ஓடி விழுந்தது.

சிறிது நேரத்தில் ஓடைப்பக்கமிருந்து வெர்னன் நொண்டிக்கொண்டு வந்தான். “பூட்ஸுக்குள்ள தண்ணி பூந்திடுச்சு. விரல் இருக்கா இல்லையான்னே தெரியல. வண்டிக்குப் போயிடலாம்னு வந்தேன். அது நீ சுட்டதா?”

“அப்படித்தான் நினைக்கிறேன்.”

அவன் தட்டுத்தடுமாறி நடந்ததுதான் மானைக் கிளப்பியிருக்கிறது.

“சரி, கத்தியை எடு.”

“கத்தியா?”

“கடையையே வாரிக்கிட்டு வந்த, கத்தி வாங்கலையா?”

“யாரும் சொல்லலையே, வெர்னன்!”

பிடி உடைந்த தன் கத்தியை எடுத்து அவனே மானைச் சுத்தம் செய்தான். இழுக்கக் கொண்டுவந்த அவனுடைய பழைய கயிறு இரண்டாம் இழுப்பில் அறுந்தது. அவளுடைய புதுப் பையின் வார்களைக் கட்டித்தான் மானை வண்டிவரை கொண்டுபோனார்கள்.

வண்டியில் அவளுடைய மாற்றுக் காலுறையை மாட்டிக்கொண்டு வெர்னன் சொன்னான்: “பாத்தியா? எதுவுமே வேணாம்னு நான் அப்பவே சொன்னேன்.”

“அப்ப என் காலுறையைக் கழட்டு.”

“காலுறை வேற விஷயம்.”

திங்களன்று டுவைட் கேட்டான்: “பைனாகுலர் உதவுச்சா?”

“கழுத்துல தொங்கிட்டு இருந்துச்சு.”

“நான் சொல்லல?” என்று அவன் பெருமையாகத் தலையாட்டினான்.

அன்று சாயங்காலம் எதையாவது கடையில் திருப்பிக் கொடுக்கலாமா என்று எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினாள். பூட்ஸ் இல்லையென்றால் தன் விரலும் மரத்திருக்குமா? கோட்டு சரசரத்தும் மான் வந்ததே, ஸ்ப்ரே வேலை செய்ததா? மானைத்தான் கேட்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கடைப் பையில் போட்டாள். மறுபடி வெளியே எடுத்தாள்.

மான் ஈரல் வறுத்துத் தர வந்திருந்த வெர்னன் அடுப்படியிலிருந்து கத்தினான்: “மார்லிஸ், ஈரல் தீயுது! வெங்காயம் எங்க வச்சிருக்க?”

அவள் கோட்டைக் கையில் பிடித்தபடியே எழுந்து போனாள்.