பேனரில் இருந்த தாய்மாமன்

லாபு சாலையிலிருந்து எங்கள் தோட்டத்துக்குள் திரும்பும் முச்சந்தியில் என் கணவர் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார். அறுபது தாண்டிய வயது, முழங்கால் வலி, சர்க்கரை வேறு. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டும் தங்கராஜு கீழே ஏணியைப் பிடித்திருந்தான். மறுநாளிலிருந்து பள்ளி விடுமுறை. ரஹாங்கில் நான் படிப்பிக்கும் பள்ளியை முடித்துக்கொண்டு, கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கலாம் என்று வந்துகொண்டிருந்தவள் காரை ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தேன். இரண்டு கம்பங்களுக்கு நடுவில் கட்டில் அகலத்துக்கு ஒரு பேனர். அதில் பட்டுப்பாவாடை கட்டி, நெற்றிச்சுட்டி வைத்து, எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் தர்சிகா சிரித்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் நீராட்டு விழா, தாயார் சுபா, தாய்மாமன் ஜெயசங்கர், அனைவரும் வருக. அடியில் எங்கள் வீட்டு முகவரியும் இவருடைய கைப்பேசி எண்ணும். மூலையில், தாய்மாமன் என்று போட்ட தன் பெயருக்குப் பக்கத்தில் கும்பிட்டபடி இவர் படம். தேர்தலுக்கு நிற்கிறவன் கெட்டான்.

"என்னாங்க இது?"

"ஏன், நல்லா இல்லையா? சிரம்பான்ல குடுத்து அடிச்சது. கலர் பாத்தியா?"

"கலர் கெடக்கட்டும். யார் படத்த ரோட்டுல தொங்கவிட்டிருக்கீங்கன்னு தெரியுதா?"

"நம்ம பிள்ள படம்லா. வேற யாரு?"

நம்ம பிள்ளை என்று அவர் சொன்னதும் எனக்கு வந்த கோபத்தில் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியைத் தங்கராஜு முன்னால் காட்ட முடியாமல் காரில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

சுபா கிளிநொச்சிக்காரி. கைக்குழந்தை தர்சிகாவோடும் கணவனோடும் இந்த மலாய் நாட்டுக்கு வந்தவள். கணவன் ஆஸ்திரேலியாவுக்குப் படகு ஏறிப் போனான், போனவன்தான். தெமியாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டு, கடைக்கு மேலேயே ஓர் அறையில் பிள்ளையோடு இருந்தாள். அந்தக் கடையை மூடியபோது கோயிலில் வைத்து என்னிடம் அழுதாள். என் மாமனார் இந்தத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். தோட்டம் கைமாறியபோது கிராணி வீட்டை அவரே வாங்கிப்போட்டார். பின்பக்கத்து அறைகள் சும்மாதான் கிடந்தன. ஒரு மாதம் இருக்கட்டும் என்று கூட்டிவந்தோம். மூன்று வருஷம் ஓடிவிட்டது. வாடகை என்று ஒரு வெள்ளி வாங்கியதில்லை. அகதி என்பதற்கு ஐ.நா. கொடுத்த அட்டை அவளிடம் இருக்கிறது. அதுவும் காலாவதியாகி, புதுப்பிக்கக் கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தாள். அட்டை செல்லுபடியானாலும் இந்த நாட்டுச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. அப்படிப்பட்டவர்களை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம் என்று எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். அரசாங்கப் பள்ளியில் சேர்க்க முடியாத பிள்ளைக்கு மாலையில் நானே கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தேன். மலாயை அவள் தானாகவே தோட்டத்துப் பிள்ளைகளிடம் பிடித்துக்கொண்டாள். என்னை மாமி என்பாள், இவரை மாமா என்பாள்.

இவருக்கு அக்கா தங்கை கிடையாது. எங்களுக்குப் பிறந்த இரண்டும் பையன்கள். யாருக்கும் தாய்மாமனாக நிற்கும் கொடுப்பினை இல்லாமல் போன மனுஷன், தர்சிகா பெரியவளானாள் என்றதும் தலைகால் தெரியாமல் ஆடினார். அது மட்டும் என்றால் வீட்டுக்குள்ளேயே சடங்கு செய்துவிட்டுப் போயிருப்பார். பேனர் வரை போனதற்குக் காரணம் என் தம்பி பிரேமநாதன்.

பிரேமநாதன் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறான். யுத்தம் தொடங்கிய வருஷமே உக்ரேனிலிருந்து வந்த ஒரு தாயையும் மகனையும் வீட்டில் வைத்துக்கொண்டான். நல்ல காரியம்தான். ஆனால் அங்கே நல்ல காரியத்துக்குப் பின்னால் அரசாங்கம் நிற்கிறது. அரசாங்கம் ஊர் கவுன்சிலுக்குப் பணம் கொடுக்கிறது. வீடு கொடுத்தவருக்கு நன்றி என்று கவுன்சில் மாதாமாதம் இவன் கணக்கில் போடுகிறது. கவுன்சிலிலிருந்து ஒரு அம்மா வந்து படுக்கையறை சரியாக இருக்கிறதா, புகை வந்தால் மணி அடிக்குமா என்று பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஏதாவது மனக்கஷ்டம் உண்டா?" என்று வீட்டுக்காரனையும் விசாரித்துவிட்டுப் போவாராம். இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் கூப்பிட்டுச் சொல்வான். போன மாதம் கவுன்சிலில் விருந்து வைத்து, வீடு கொடுத்தவர்களுக்கெல்லாம் சான்றிதழ் கொடுத்தார்களாம். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்ததை கேமராவில் காட்டினான்.

"ஆனா அக்கா, இப்ப கவர்மெண்டு கவுன்சிலுக்குக் குடுக்கிற காச குறைச்சிட்டான். அடுத்த வருசம் வருமான்னு தெரியல. வரலன்னா நாங்களும் யோசிக்கணும்."

"யோசிச்சு? பிள்ளையோட அவள ரோட்டுலயா விடுவ?"

"அப்படி இல்லக்கா. எல்லாத்துக்கும் ஒரு லிமிட்டு இருக்குல்ல."

போனை வைத்த பிறகும் இவர் அந்தச் சான்றிதழிலேயே நின்றுகொண்டிருந்தார். "நமக்கு எவனாச்சும் ஒரு டீ வாங்கிக் குடுத்தானா?" என்றார். டீயெல்லாம் வேண்டாம், கண்டுகொள்ளாமல் விட்டால் போதும், அதுதான் நமக்கு அவர்கள் தரும் மானியம் என்றேன். அவர் காதில் ஏறவில்லை. மூன்று வருஷம் ஒளித்து ஒளித்துச் செய்த தர்மத்தை ஊரில் நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. இங்கே கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் முச்சந்தியில் பேனர் கட்டுவார்கள். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய எங்கள் சொந்தங்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். இவர் தோட்டத்துப் பையன்களோடு பந்து விளையாடி வளர்ந்தவர். சந்தோஷம் என்றால் பேனர் என்பது இவருக்கு ரத்தத்தில் ஊறியது.

பேனரைப் பார்த்துவிட்டு சுபா சமையலறைக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். வெங்காயத்தை எடுத்தாள், வைத்தாள்.

"அக்கா, அண்ணாட்டைச் சொல்லி உந்தப் பேனரைக் கழட்டுவிக்கேலாதோ? எனக்கு நெஞ்சு பதறுது."

சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சடங்கு முடியும் வரை இருக்கட்டும், அதற்குள் யார் வந்து பிடுங்கப் போகிறார்கள் என்றார். நானும் அதற்கு மேல் மல்லுக்கட்டவில்லை. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தே நாளாகியிருந்தது.

சடங்கு நன்றாக நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். பேனரைப் பார்த்துவிட்டு முன்பின் தெரியாதவர்கள்கூட வந்து சாப்பிட்டார்கள். இவர் பட்டு வேட்டி கட்டி, சீர்த்தட்டைத் தலையில் வைத்து, மேளம் இல்லாத குறைக்குத் தங்கராஜுவின் லாரி ஹாரனோடு வாசல் ஏறினார். தர்சிகா வெட்கத்தில் நெளிந்தாள். பிரேமநாதன் வீடியோவில் வந்தான். அந்த உக்ரேன்காரப் பெண் கேமராவுக்குள் முகத்தை நீட்டி, தர்சிகாவுக்கு முத்தம் ஒன்று அனுப்பினாள். சுபா முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு, "ஊரிலை இருந்திருந்தாலும் எங்களுக்கு இப்பிடிச் செய்ய ஆக்கள் இல்லை, அண்ணா" என்றாள். இவர் பந்தி பார்க்கப் போய்விட்டார்.

திங்கட்கிழமை நகராண்மைக் கழகத்து ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். அனுமதி வாங்காத பேனர் என்று அறுத்துச் சுருட்டி லாரியில் போட்டுவிட்டு, அதிலிருந்த முகவரியைப் பார்த்து அபராதச் சீட்டு கொடுக்க வந்திருந்தார்கள். நியாயம்தான், வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம். இவருக்கு வீடு தேடி வந்துவிட்டார்கள் என்று பெருமை. உட்காரச் சொல்லி, "சுபா, டீ கொண்டா" என்று குரல் கொடுத்தார். இதுதான் பிள்ளையின் தாய் என்று அறிமுகம் வேறு. வந்தவர்களில் பெரியவர் சிரித்த முகத்தோடு அவளிடம் ஐசி எங்கே என்று அடையாள அட்டையைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அந்தப் பழைய அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, டீயை முழுதாகக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிப் போனார்.

அன்றே தாயையும் மகளையும் எங்காவது அனுப்பிவிடலாம் என்றேன். எங்கே அனுப்புவது? கோயில் தலைவருக்கு போன் செய்தால் அவர் எடுக்கவில்லை. கோலாலம்பூரில் இருக்கும் மூத்தவன், "அம்மா, என்னை இதுல இழுக்காதீங்க" என்றான். சும்மா ஒரு ஆள் படம் பிடித்துக்கொண்டு போனதற்கு இவ்வளவு பயமா என்று இவர் சிரித்துப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை காலையில் இமிகிரேசன் வண்டிகள் வந்தன. ஒன்று வேன், ஒன்று கார். வாசலில் நின்ற அதிகாரிகளில் ஒரு தமிழ்ப் பையனும் இருந்தான். கைப்பேசியில் பேனரின் படம். அதை விரலால் பெரிதாக்கி, எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"தாய்மாமன் ஜெயசங்கர். நீங்கதானே அங்கிள்?"

இவர் தலையாட்டினார்.

"உங்க தங்கச்சியா அவங்க?"

"இல்ல."

"சொந்தமா?"

"இல்ல. அது சும்மா... மரியாதைக்குப் போடுறதுதான்."

"அப்ப யாரு?"

"வாடகைக்கு இருக்காங்க. பேப்பர் விசயமெல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாது."

சுபாவும் தர்சிகாவும் அவருக்குப் பின்னால் நடையிலேயே நின்றிருந்தார்கள். பெரிய அதிகாரி புரியவில்லை என்று கேட்க, இவர் அதையே மலாயிலும் ஒருமுறை சொன்னார். அதிகாரிகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அரசாங்க வேலை. பென்ஷன் இருக்கிறது. பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த மனுஷனைச் சிறையில் போட்டால் மருந்து மாத்திரை யார் கொடுப்பார்கள் என்றுதான், சத்தியமாக, அந்த நேரத்தில் ஓடியது. ஆமாம், வாடகைக்குத்தான் என்றேன். சொன்ன வாயில் புண் வர.

சுபா ஒரு பையில் துணிகளை அடைத்துக்கொண்டு வந்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் அவளே பதில் சொன்னாள். வாடகை மாதா மாதம் கையில் கொடுத்தேன், அட்டை செல்லும் என்று நான்தான் பொய் சொல்லி வந்தேன், இந்த வீட்டு ஆக்களுக்கு ஒன்றும் தெரியாது. தமிழ்ப் பையன் அதை மலாயில் சொல்லச் சொல்ல, பெரிய அதிகாரி எழுதிக்கொண்டார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தர்சிகாவின் கைகளில் இன்னும் மருதாணி கறுக்காமல் சிவப்பாகவே இருந்தது. வாசல்படி இறங்குமுன் நின்றாள். எங்கே போனாலும் இவரிடம் சொல்லிவிட்டுத்தான் போவாள், முச்சந்திக் கடைக்குப் போனாலும்.

"மாமா..."

"மாமா இல்லையடி" என்றாள் சுபா. குரல் தணிவாகத்தான் இருந்தது. "வீட்டுக்கார ஐயா."

பிள்ளை தாயைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். சொல்லிக்கொடுத்த கணக்கைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் பிள்ளை.

"ஐயா, போயிட்டு வாறன்."

இவர் கை பாதி தூக்கியபடி நின்றது. வேன் கதவைத் தள்ளித் திறந்தார்கள். உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள், எந்தெந்தத் தோட்டத்திலிருந்தோ, எந்தெந்த நாட்டிலிருந்தோ. தர்சிகா பாவாடையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு படியில் ஒரு காலை வைத்தாள், எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றாள். ஓரத்தில் இருந்த ஒரு பெண், பர்மாக்காரியோ யாரோ, பக்கத்தில் வைத்திருந்த மூட்டையைத் தூக்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு நகர்ந்து, அவளுக்கு இடம் கொடுத்தாள்.