படகுக்கு ஏற்ற லென்ஸ்

"எதைப் படம் எடுக்கப் போறீங்க?" என்று கேட்டார் கேமரா கடைக்காரர்.

"படகு," என்றாள் அண்ணி.

"நிக்கிற படகா, ஓடுற படகா?"

"நிக்கிறது" என்று அண்ணியும், "ஓடுறது" என்று சுட்டியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். கடைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இது சீக்கிரம் முடிகிற வியாபாரம் இல்லை என்று புரிந்துகொண்டவர் போல இரண்டு ஸ்டூல்களை இழுத்துப் போட்டார்.

அண்ணியும் அவள் நாத்தனாரும் படகுத்துறையில் ஓர் அறையை எடுத்து, பழைய படகுகளை விற்றுக்கொடுக்கும் தொழில் நடத்தி வந்தார்கள். நாத்தனாருக்குச் சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட பெயர் சுட்டி. காது ஓரம் நரைக்கத் தொடங்கியும் அது உதிரவில்லை. விற்பனைக்கு வரும் படகுகளை அண்ணி தன் மொபைலில் படம் எடுத்து இணையத்தில் போடுவாள். நெருங்கி நின்று எடுப்பதால் முன்பக்கம் பூசணிக்காயாக வீங்கியும் பின்பக்கம் எலிவாலாகச் சிறுத்தும் விழும். போன வாரம் ஒருவர் வெகுதூரத்திலிருந்து வந்தார். படகைப் பார்த்தார், கையிலிருந்த படத்தைப் பார்த்தார். "இது அதோட தம்பியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அதன்பிறகுதான் இருவரும் நல்ல கேமரா வாங்குவது என்று கிளம்பினார்கள்.

கேமராவைத் தேர்ந்தெடுப்பதில் சண்டை வரவில்லை. உப்புக்காற்றும் சாரலும் உள்ளே போகாதபடி ரப்பர் விளிம்பு வைத்தது ஒன்று இருந்தது. இருவர் கைக்கும் அடக்கமாக உட்கார்ந்தது. லென்ஸில்தான் ஆரம்பித்தது தகராறு. கடைக்காரர் முதலில் குட்டையான ஜூம் ஒன்றைக் காட்டினார். "பக்கத்துல நின்னு முழுப் படகும் எடுக்கலாம், உள்ளே அறையும் எடுக்கலாம்." பிறகு அலமாரியிலிருந்து இன்னொன்றை இரண்டு கையாலும் எடுத்து வைத்தார். "இது தூரத்துல போறதைக் கண்ணு முன்னால கொண்டு வந்து நிறுத்தும்."

சுட்டி அதைத் தூக்கி வாசல் பக்கம் திருப்பினாள். தெருக்கோடியில் நின்றவரின் சட்டைப் பொத்தான் தெரிந்தது. அதோடு அவள் மனசு போய்விட்டது.

"இதைத் தூக்கிட்டு நடந்தா போட்டோ எடுக்கப் போற மாதிரியா இருக்கு? பீரங்கி சுடப் போற மாதிரி இருக்கு," என்றாள் அண்ணி. "நம்மகிட்ட வர்ற படகெல்லாம் கயித்துல கட்டித்தான் கெடக்கு. அதைத் தூரத்துல நின்னு எடுக்கணும்னு என்ன தலையெழுத்து?"

"ஓடுனாதான் அண்ணி அது படகு. கட்டிக் கெடந்தா கட்டில்."

கடைக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ரெண்டையும் நாளைக்கு ஒரு நாள் வச்சுப் பாருங்க. வேண்டாததைத் திருப்பிக் குடுத்துடுங்க," என்று கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் காலை பல் டாக்டரின் பாய்மரப் படகைப் படம் எடுப்பது என்று முடிவாயிற்று. அது விற்பனைக்கு வந்து நெடுநாளாகியும் ஒரு போன்கூட வரவில்லை. டாக்டருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. விற்றே தீரவேண்டும் என்று நின்றவர் அவர் மனைவி. துறையின் பலகைமேல் நடந்தாலே அந்த அம்மாவுக்குத் தலை சுற்றும். படகில் ஒருநாளும் ஏறியதில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம், லீவு நாளில் காலையில் கிளம்பிப் போகிற புருஷன் பொழுது சாயும்போது ஈரத்தோடு வந்து குளியலறை முழுக்க மணலைக் கொட்டுவார் என்பதுதான்.

படகு சீக்கிரம் விலைபோகட்டும் என்று அந்த அம்மா புது மெத்தை உறைகளோடு வந்திருந்தார். கரையில் நின்றபடியே நீட்டினார். அண்ணி வாங்கிக்கொண்டு உள்ளே போய் விரித்தாள். குட்டை லென்ஸை முழுக்க அகலமாக்கிப் பார்த்தபோது, இரண்டு பேர் முட்டிக்கொள்ளும் அந்த அறை கல்யாண மண்டபம் மாதிரி தெரிந்தது.

"இவ்வளவு பெருசாக் காட்டினா வர்றவன் சோபாவோட வந்துடுவான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கொஞ்சம் குறைத்தாள். வெளியே வந்ததும் வெயிலில் வெள்ளைப் பலகை கண் கூசும்படி வெளுத்து விழுந்தது. வெளிச்சத்தைக் குறைக்கும் வளையத்தை மெல்லத் திருப்பினாள். பலகையின் இணைப்புகள்கூடத் தனித்தனியாக வந்தன. முன்பக்கம் வீங்கவில்லை, பின்பக்கம் சிறுக்கவில்லை. அண்ணிக்கு முகம் கொள்ளாத சந்தோஷம்.

"அவ்வளவுதான். பெரிசைத் திருப்பிக் குடுத்துடலாம்."

"ஒரு சுத்து போயிட்டு வரச் சொல்றேன். அதுக்கப்புறம் குடுக்கலாம்," என்றாள் சுட்டி.

டாக்டரிடம் இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாயை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சுட்டி அலைத்தடுப்புச் சுவரின் நுனிக்கு ஓடினாள். காற்றில் லென்ஸ் ஆடியது. முதல் படத்தில் வெறும் வானம். அடுத்ததில் பாய்மரத்தின் உச்சி மட்டும். அதற்கடுத்து, யாரும் கேட்காத ஒரு கடற்பறவை பளிச்சென்று விழுந்திருந்தது.

"அண்ணி, கொஞ்சம் முன்னால வந்து நில்லுங்க." அண்ணியின் தோளில் லென்ஸைச் சாய்த்தாள். "மூச்சு விடாதீங்க."

"எவ்வளவு நேரத்துக்குடி?"

"பேசவும் பேசாதீங்க."

படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நுரையைக் கிழித்துக்கொண்டு வந்தது. சுட்டி விடாமல் அழுத்தினாள்.

அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் டாக்டரின் மனைவியை உட்காரவைத்துப் படங்களைக் காட்டினார்கள். அறை, மெத்தை, வெளிப்பக்கம். "நல்லா இருக்கு. இன்னைக்கே போட்டுடுங்க," என்றார் அந்த அம்மா. அடுத்ததாக சுட்டி எடுத்தது வந்தது. தலைமுடியெல்லாம் நட்டுக்கொண்டு, ஒரு கையில் சுக்கானைப் பிடித்து மறு கையைத் தூக்கியபடி டாக்டர். வாய் அகலத் திறந்திருந்தது.

அந்த அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "இவரு பாடுறாரா?"

வாசலில் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவர், "கொஞ்சம்," என்றார்.

"வீட்டுல நாள் பூரா பேசுனாலும் நாலு வார்த்தை தாண்டாது. இங்க பாட்டா?"

"அங்க யாரும் கேக்க மாட்டாங்கல்ல."

"கையை ஏன் தூக்கியிருக்கீங்க?"

"எனக்குத்தான் ஆட்டுனாரு," என்றாள் சுட்டி.

டாக்டர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அந்த எடத்துல திரும்பினா மேட்டு மேல நம்ம வீட்டு சமையலறை ஜன்னல் தெரியும். எப்பவும் ஆட்டுவேன்."

"எப்பவுமா?"

"ஆரம்பத்துலேர்ந்து."

"எனக்கு அங்கேர்ந்து வெள்ளையா ஒரு புள்ளி தெரியும். அவ்வளவுதான்," என்றார் அந்த அம்மா. குரல் இறங்கிவிட்டது. "என்கிட்டேருந்து தப்பிச்சு அங்க போயி உம்முனு உக்காந்திருக்கீங்கன்னு நெனைச்சேன்."

பிறகு அந்த அம்மா அண்ணி பக்கம் திரும்பினார். "படகை விக்க வேணாம். இந்தப் படத்தைப் பெருசாப் போட்டுக் குடுங்க. அப்புறம், இந்த மாதிரி கிட்டக்கக் காட்டுறது வீட்டுக்கு ஏதாவது கெடைக்குமா?"

சுட்டி கேமரா கடையின் விலாசத்தை எழுதிக் கொடுத்தாள்.

அவர்கள் போனதும் அண்ணி நாற்காலியில் சாய்ந்தாள். "படம் நல்லா வந்தா படகு விக்கும்னுதானே போனோம். இருந்த வியாபாரமும் போச்சே."

"திருப்பிக் குடுத்துடலாமா?" சுட்டி மெதுவாகக் கேட்டாள்.

அண்ணி திரையைப் பார்த்தாள். டாக்டர் இன்னும் அங்கே வாயைத் திறந்து பாடிக்கொண்டிருந்தார். "குடுத்துப் பாரு, தெரியும் சேதி. ஆனா அடுத்த தடவை சாய்க்கிறதுக்கு ஸ்டாண்டு வாங்கு. என் தோள் இன்னும் வலிக்குது."

"தம்பியா?" என்று கேட்கவைத்த அந்தப் பூசணிக்காய்ப் படகு புதுப் படங்களோடு அந்த மாதமே விலைபோயிற்று. அதோடு, துறையில் படகு வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, விற்பதற்கில்லை, சும்மா தங்களையும் ஓடும்போது ஒரு படம் எடுத்துத் தரமுடியுமா என்று கூச்சத்தோடு கேட்க ஆரம்பித்தார்கள். அண்ணி அதற்கு வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கினாள்.

டாக்டர் ஒருநாள் எட்டிப் பார்த்தார். அவர் மனைவி நல்ல பைனாகுலர் ஒன்று வாங்கி ஜன்னலில் மாட்டியிருந்தாராம்.

"நிம்மதியாப் போக முடியல. நடுக்கடல்ல போன் அடிக்குது," என்றார். "லைஃப் ஜாக்கெட் பொத்தானைப் போடுங்கன்னு சொல்றா. நேத்து, அந்த ரெண்டாவது வரியை இன்னொரு தடவை பாடுங்க, வாயசைவு புரியலைங்கிறா."

"பாடுனீங்களா?" என்று கேட்டாள் சுட்டி.

"பின்னே?" என்று சொல்லிவிட்டு அவர் படகை நோக்கி வேகமாக நடந்தார்.