காதுக்காரன்

'உங்களால் இப்போது செய்ய முடியாதவை' என்ற விண்ணப்பக் கட்டத்தில் விஞ்ஞானியம்மா சொல்லச் சொல்ல லேப் உதவியாளர் கணினியில் தட்டியதெல்லாம் அம்மாவின் சாதனைப் பட்டியலாகவே வந்து விழுந்தது. இருபத்தெட்டு வருஷமாக நிதி கேட்டுப் பழகிய வாய். தன் குறையைச் சொல்ல அதற்கு வராது. ஆராய்ச்சிக்கு நடுவில் உடல் முடங்கும் விஞ்ஞானிகளுக்கென்று ஒரு நிதி இருக்கிறது. கிடைத்தால் அவருக்காக மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஓர் ஆளை அமர்த்திக்கொள்ளலாம். போன மாதம் அனுப்பிய விண்ணப்பம், 'இதைப் படித்தால் உங்களுக்கு உதவி எதுவும் தேவைப்படாது போலிருக்கிறதே' என்ற குறிப்போடு திரும்பி வந்திருந்தது. இன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. தவறினால் அவருக்கு இனி நூலகத்தில் ஒரு நாற்காலிதான். இந்த ஜன்னலோர மேசை வேறு யாருக்கோ.

கண்ணின் நடுவில் புகைப்பொட்டு விழுந்து மூன்று வருஷமாகிறது. எதிரே இருப்பவரின் தோள் தெரியும், முகம் தெரியாது. மறைக்கிற பூசணிக்காய் பெரிது என்று தெரிந்தும், "கொஞ்சம் மங்கல்னு போடுங்க, போதும்" என்றார்.

ஏரிச் சேற்றில் புதைந்த மகரந்தங்களை எண்ணுவது அவர் வேலை. அவர் பார்த்துப் பெயர் சொல்வார். உதவியாளர் எண்ணும் பொறியில் அதற்குரிய பொத்தானை அழுத்துவார். "புல்." டிக். "பைன்." டிக். சேர்ந்த புதிதில் உதவியாளர் குனிந்து பார்த்து, "மேடம், இதுக்கு ரெண்டு காது இருக்கு!" என்று அலறியதும், வயிறு வலிக்கச் சிரித்ததும் நேற்றுப் போல இருக்கிறது. அன்றிலிருந்து பைன் மரத்து மகரந்தத்துக்குப் பெயர் காதுக்காரன். என்ன மாதிரியான நாட்கள் அவை!

உதவியாளர் தட்டுவது நின்றிருந்தது. இழுப்பறை திறக்கிற சத்தம் கேட்டது.

"மேடம், இதை எப்பவோ சொல்லியிருக்கணும். நீங்க எண்ணின ஸ்லைடையெல்லாம் நான் மறுபடி எண்ணி இந்த நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். ரெண்டு வருஷமா."

தூக்கிவாரிப் போட்டது. "எவ்வளவு தப்பு?"

"பத்துக்கு மூணு."

முன்பு நூற்றுக்கு ஒன்றுகூட வராது. "அச்சுக்குப் போனதுலயா?"

"இல்ல, இது எதுவும் இன்னும் போகல."

அந்த மட்டில் மூச்சு வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது. "ஏன் சொல்லல?"

"வாய் வரல மேடம். நீங்க காதுக்காரன்னு சொன்ன இடத்துல வெறும் தூசி இருக்கும். உங்க குரல்ல அவ்வளவு சந்தோஷம். நானும் அழுத்திடுவேன்."

அவருக்கு அவமானமாக இருந்தது. இரண்டு வருஷமாகத் தனக்காக இன்னொருவர் கண் நோகக் குனிந்திருக்கிறார் என்பது அதைவிட அதிகமாக வலித்தது. பிறகு, "போடுங்க. என்னால எண்ண முடியாது. பத்துக்கு மூணு தப்பு. நோட்டையும் சேர்த்து அனுப்புங்க" என்றார். 'முடியாது' என்ற சொல் வாய்க்குப் புதிதாக இருந்தது.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது விண்ணப்பம் போனது. அவர் எழுந்து மைக்ராஸ்கோப் முன்னாலிருந்த தன் நாற்காலியை உதவியாளர் பக்கம் தள்ளிவிட்டு, எண்ணும் பொறியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். விரல்கள் பொத்தான்களைத் தடவின.

"ம், சொல்லுங்க."

உதவியாளர் உட்கார்ந்து குனிந்து பார்த்தார். "காதுக்காரன்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான் மேடம்."

டிக்.