சுவருக்கு அந்தப் பக்கம்

பக்கத்து வீட்டுப் பொன்னாயி தன் சாமியிடம் என் மாமியார் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்ததை முதலில் கேட்டது நான்தான். விளக்கு வைக்கிற நேரம். ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். நாமக்கல்லில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில் நடுச்சுவர் ஓடு வரைக்கும் போகாது. ஒரு முழம் குறைவாகவே நின்றுவிடும். அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். அந்தச் சந்து வழியாக "சென்னியம்மாள்" என்று தெளிவாகக் கேட்டது. பிறகு என்னவோ முணுமுணுப்பு. அப்புறம் என் வீட்டுக்காரர் பெயர், "வேலுமணி." புளிக்கையோடு ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன்.

"செய்வினை வெக்கறா கண்ணு," என்றார் அத்தை. முகம் வெளுத்துப் போயிற்று.

அத்தை பயந்ததில் ஆச்சரியம் இல்லை. அவர் செய்திருந்ததற்கு வேறு எவளாக இருந்தாலும் செய்வினைதான் வைப்பாள். பொன்னாயி ஆஸ்பத்திரியில் ஆயா, வேதக்கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவப் பெண். குடிவந்த நாளிலிருந்து குழாயடியில் அவள் குடத்தை அத்தை காலால் தள்ளிவிடுவார். அவள் வாசல் பக்கமாகச் சாணித் தண்ணீரை ஊற்றுவார். அவள் வெள்ளைச் சேலை கட்டிக் கோயிலுக்குக் கிளம்பினால், "பால் பவுடருக்குச் சாமியை வித்தவ போறா பாரு" என்று அவள் காதில் விழும்படி சொல்வார். பொன்னாயி ஒரு தடவைகூடத் திருப்பிப் பேசியதில்லை. நாங்கள் ஊருக்குப் போயிருந்த அன்று குழாயில் தண்ணீர் வந்தபோது, வாசலில் இருந்த எங்கள் அண்டாவை அவளே நிரப்பி மூடி வைத்திருந்தாள். அத்தை அதை மோந்து பார்த்துவிட்டு அத்தனையையும் சாக்கடையில் கவிழ்த்தார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. வைதால் திருப்பி வைகிறவளைப் புரிந்துகொள்ளலாம். வைதால் அண்டாவை நிரப்பி வைக்கிறவளை என்னவென்று நம்புவது?

என் வீட்டுக்காரர் அப்போது லாரியில் கல்கத்தா லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். ரோட்டில் போகிற மனுஷன் பெயரை ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு வேற்றுச் சாமியிடம் சொன்னால் சும்மா விட முடியுமா? மறுநாள் காலை அத்தை குழாயடியிலேயே மடக்கினார்.

"ஏம்புள்ள, எம்பேரை எதுக்கு உன்ற சாமிகிட்டச் சொல்றே?"

பொன்னாயி குடத்தை இறக்கி வைத்தாள். "நீங்க நல்லா இருக்கோணும்னுதானுங்க."

"நான் உன்னைய வையறேன். நீ நான் நல்லா இருக்கோணும்ங்கறே. நம்பறதுக்கு நானென்ன பால் குடிக்கற புள்ளையா?"

"வையறவங்களுக்குத்தான் வேண்டிக்கோணும்னு எங்க சாமி சொல்லியிருக்குதுங்க. மொதல்ல எனக்கும் வாயே வரலீங்க. இப்பப் பழகிப்போச்சு."

ஒளிவு மறைவில்லாமல் அவள் சொன்னதுதான் வினையாயிற்று. தண்ணீருக்கு நின்ற பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். அத்தைக்கு மானம் போய்விட்டது. "இனிமே எம்பேரோ எம்பையன் பேரோ உன்ற வாயில வரக்கூடாது!"

"வராதுங்க," என்றாள் பொன்னாயி.

வரவும் இல்லை. சாயங்காலம் அந்தப் பக்கம் முணுமுணுப்பு கேட்கும். எங்கள் பெயர் மட்டும் இருக்காது. நாங்கள் இருவரும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்போம். அத்தைக்கு அதிலும் நிம்மதி இல்லை. "மனசுக்குள்ள சொல்றாளோ என்னமோ," என்பார்.

வந்திருக்க வேண்டிய லாரி வரவில்லை. சங்ககிரி லாரி ஆபீசுக்குப் போய்க் கேட்டோம். ஒரிசாப் பக்கம் பேய் மழை, பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது, நம் வண்டி எங்கே நிற்கிறதென்று தெரியவில்லை என்றார்கள். திரும்பத் திரும்பப் போனோம். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் இல்லாமல் நான் என்ன ஆவேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அத்தை திடீரென்று கேட்டார்: "சௌந்திரம், அவ எப்பப் புடிச்சு நம்ம பேரைச் சொல்லிட்டிருந்தா?"

"தெரியலீங்க அத்தை. குடிவந்ததுல இருந்தே இருக்கும்."

"அத்தனை நாளும் வேலுமணி பம்பாய் போனான், கல்கத்தா போனான், நல்லபடியா ஊடு வந்தான்." விரலை மடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நிறுத்துன்னு சொன்னப்புறந்தானே காணோம்?"

எனக்கும் அது தோன்றியிருந்தது.

அன்று சாயங்காலம் அந்தப் பக்கம் முணுமுணுப்பு தொடங்கியதும் அத்தை எழுந்து போய்ச் சுவரைக் கையால் அறைந்தார். சத்தம் நின்றது.

"பொன்னாயி!"

"ஏனுங்கம்மா?"

"மனசுக்குள்ள சொல்றியா?"

"வாயில வராதுன்னுதானுங்க சொன்னேன்," என்று மெதுவாகக் கேட்டது.

நான் அத்தையைப் பார்த்தேன். வையப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"வாயிலயே சொல்லு. நீ என்னத்தைச் சொல்றேன்னு எனக்குத் தெரியோணுமல்ல."

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது. "ஆண்டவரே," என்று ஆரம்பித்தாள். எங்கேயோ மழையில் நிற்கிற வண்டி என்றாள், வேலுமணி என்றாள். அத்தை சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, அரிசி மூட்டை மேல் ஏறிச் சுவரின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நரைத்த தலை ஓட்டில் முட்டியது. கன்னத்தைச் சுவரோடு ஒட்டிக் காதை அந்தச் சந்துக்குக் கொடுத்தார்.

"இன்னுஞ் சத்தமா," என்றார்.