முடிசூடிய கழுகு

சுபாங்கி சவப்பெட்டிக்குள் கைவிட்டு, தகப்பனின் கால்களுக்கடியிலிருந்து துணிப்பொதியை இழுத்தாள். பாரம் மணிக்கட்டை வளைத்தது.

"எடாதை பிள்ளை," என்றாள் தாய் பூரணி. "அவரோடையே எரிஞ்சு போகட்டும்."

பிரிக்கும் முன்பே வடிவம் தெரிந்தது. கைத்துப்பாக்கி.

"எங்கையம்மா இருந்தது?"

"அப்பான்ரை சாமான் பெட்டிக்குள்ளை. நேற்றுத்தான் கண்டனான். பொலிஸ் கண்டால் பழசெல்லாம் கிளறுவாங்கள். எங்கடை வீட்டிலை ஒருத்தரும் ஆயுதம் தொட்டதில்லையெண்டுதானே அவர் அகதி மனுவிலை எழுதினவர்."

அப்படியானால் அப்பா எழுதியது பொய்யா?

மலர்ச்சாலைக் கதவுக்கு வெளியே சித்தப்பா யோகநாதன் குரல் கொடுத்தார். "மச்சாள், பத்து நிமிசத்திலை மூடப் போறாங்கள். அண்ணை சீவியத்திலை ஒருநாளும் வேலைக்குப் பிந்தினதில்லை. இண்டைக்குப் பிந்த வைக்காதேங்கோ."

பழைய ஆயுதங்களை ஏலம் விடும் நிறுவனத்தில் விவரப்பட்டியல் எழுதுவது சுபாங்கியின் வேலை. ஜன்னல் வெளிச்சத்தில் துப்பாக்கியைப் பிடித்தாள். இடப்பக்கம் ராடோம் என்ற போலந்து ஊரின் பெயர், 1938, முடிசூடிய கழுகு. ஜெர்மானியர் அந்தத் தொழிற்சாலையைப் பிடித்தபின் செய்தவற்றில் கழுகு இராது. தொடரிலக்கத்துக்கு முன்னால் ஓர் எழுத்து ஏறியிருக்கும். திருப்பினாள். வலப்பக்கம் வெறும் ஐந்து இலக்கங்கள்.

"அம்மா, இது போலந்து ஆமியின்ரை. ஊர்ச் சண்டையிலை வந்ததில்லை. எங்கடை லா சப்பல் வீட்டிலை மேல்மாடியிலை இருந்த போலந்துக் கிழவர் போன வருசம் செத்தாப் பிறகு, அவரின்ரை அறையை அப்பாதானே துப்புரவாக்கினவர்? அங்கையிருந்துதான் வந்திருக்கு." அவளுக்கு மூச்சு வந்தது. "அப்பா பொய் எழுதேல்லை."

பூரணி பிரித்த துணியை மடிக்கத் தொடங்கினாள்.

"ஆனா உள்ளை குண்டு இருந்தால் வெடிக்கும். எனக்குத் திறக்கத் தெரியாதம்மா. வேலையிலை திறந்து பாத்துத்தான் எங்களிட்டைத் தருவினம்."

"இஞ்சை கொண்டா."

பூரணி வாங்கி, குழல்வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். விரல் விசையில் படவில்லை. பெருவிரல் பொத்தானை அழுத்த, குண்டுகள் அடுக்கும் ரவைக்கூடு மற்றக் கையில் விழுந்தது. அது வெறுமையாக இருந்தது. மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்தாள். ஒற்றை ரவை துள்ளி, கணவன் குணரத்தினத்தின் வேட்டி மடிப்பில் விழுந்தது. இன்னொருமுறை இழுத்து, சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவினாள். அவ்வளவு நேரமும் அவள் கணவனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா மனுவில் எழுதிய வரியை நினைத்தபடி சுபாங்கி தாயின் கைகளையே பார்த்தாள்.

"மச்சாள்!"

"வாறம்."

சுபாங்கி தன் கைப்பையை விரித்துப் பிடித்தாள். ஒவ்வொன்றாக எல்லாம் உள்ளே போயின. பிறகு பூரணி குனிந்து, ரவை கிடந்த வேட்டி மடிப்பை நீவி நீவிச் சரிசெய்தாள்.